சர்வீஸ் லிஃப்ட்

ஒரகடம் பக்கம் ஒரு பழைய அடுக்குமாடிக் குடியிருப்பை அப்படியே அருங்காட்சியகமாக்கி, நாற்பது வருஷத்துக்கு முந்தைய, 2025-ம் வருஷத்து வாழ்க்கையை நடிகர்களை வைத்து வாழ்ந்து காட்டினார்கள். ஹேமலதா மகள் மிருணாவைக் கூட்டிக்கொண்டு போயிருந்தாள். கேட்டில் சாப்பாட்டுப் பையோடு டெலிவரி பையனாக நடித்த ஒருவன் செக்யூரிட்டியிடம் கெஞ்சிக்கொண்டு நின்றதைப் பார்த்ததுமே ஹேமலதாவுக்குக் குஷி.

"அப்ப எங்க ஃப்ளாட்டும் அச்சு அசல் இப்படித்தான்டி இருக்கும்" என்று வழியெல்லாம் பெருமையடித்தாள்.

லிஃப்ட் வந்தது. பார்வையாளர்கள் எல்லோரும் ஏறினார்கள். வீட்டு வேலைக்காரியாக நடித்த பெண்ணும் வாளியும் மாப்புமாகப் பின்னாலேயே உள்ளே கால் வைத்தாள்.

"உனக்கு எத்தனை தடவை சொல்றது? சர்வீஸ் லிஃப்ட்ல வா" என்றாள் ஹேமலதா.

சொன்ன பிறகுதான் அது தன் குரல் என்றே அவளுக்கு உறைத்தது.

"மறந்துட்டேங்கம்மா" என்று அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டு வெளியேறினாள்.

லிஃப்டே கைதட்டியது. "தத்ரூபமா பண்றீங்க. எத்தனை வருஷமா இங்க நடிக்கிறீங்க?" என்று ஹேமலதாவிடம் ஒருவர் கேட்டார்.

மிருணா மட்டும் கைதட்டவில்லை. அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஹேமலதா அவள் பக்கம் திரும்பாமல், "இப்பதாங்க சேர்ந்தேன்" என்றாள்.