அலுமாரிக்குள் இரவு

அலுமாரியின் கைப்பிடியைப் பிடித்தபடி நின்றாள்.

திறக்கக் கூடாது. உள்ளே இப்போது இரவு.

வெளியே, கனடாவின் ஸ்காபரோவில் பட்டப்பகல். கூரைப்பனி உருகி ஜன்னல் விளிம்பில் சொட்டிக்கொண்டே இருந்தது. ஆனால் தயாபரனின் கஞ்சாச் செடிக்குப் பகல்தான் இரவு. இரவில் மின்சாரம் மலிவு என்று விளக்கை இரவுக்கு மாற்றி, பகல் முழுதும் அதைக் கும்மிருட்டில் வைத்திருந்தார். நீண்ட இருட்டைக் கண்டால்தான் அது பூக்குமாம். இடையில் வெளிச்சம் பட்டால் குழம்பிப்போகுமாம்.

குழப்பத்தான் வந்திருக்கிறாள்.

அவர் அவள் வீட்டு பேஸ்மென்ட்டில் குடியிருப்பவர். பள்ளிக்கூட பஸ் ஓட்டி ஓட்டி முதுகு போனவர். செடியைக் கொண்டுவந்த அன்று அவள் போட்ட சத்தம் தெருவுக்கே கேட்டிருக்கும்.

"என்ர வீட்டுக்க கஞ்சாவோ! மேல சாமி இருக்கிற வீடு!"

"சட்டம் நாலு மரம் விடுது. நான் ஒண்டுதானே வைக்கிறன்" என்று தொட்டியைக் கைக்குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு நின்றார்.

அதன்பிறகு, செடியின் மணத்தை மறைக்க அவள் நாளுக்கு இரண்டு தரம் சாம்பிராணி போட்டாள். அவளுக்குப் பக்தி முற்றிவிட்டதென்று சிநேகிதிகள் பேசிக்கொண்டார்கள்.

கல்கரியில் அவருடைய மகளுக்குக் குழந்தை பிறந்திருக்கிறது. வந்து எங்களோடேயே இருங்கோ அப்பா என்கிறாள். போகத்தான் போகிறார். ஆனால் செடியைத் தூக்கிக்கொண்டு விமானம் ஏற முடியாது. பூக்கத் தொடங்கிய நாளிலிருந்து எட்டுக் கிழமை, இரண்டு மாதம். அறுத்து, காயவைத்து, பெட்டியைக் கட்டிவிடுவார்.

எந்த நாளிலிருந்து?

விளக்கு எரியும் நேரத்தைக் குறைத்த நாள் கணக்கில் வராதாம். கிளை பிரியும் கணுவில் இரண்டு வெள்ளை நூல் எட்டிப்பார்க்க வேண்டும். அன்றுதான் தொடக்கம்.

"என்ர கண்ணுக்கு அது பிடிபடாது. நீங்கள்தான் பாத்துச் சொல்லோணும்" என்று ஒரு பச்சை பல்ப்பைத் தந்தார். பச்சை வெளிச்சம் செடியின் நித்திரையைக் கெடுக்காதாம்.

நீங்கள். எப்போதும் அதுதான். அக்கா என்றதில்லை. தங்கச்சி என்றதுமில்லை. முறை சொல்லாமல் ஒரு மனிதர் இத்தனை காலம் ஒரே வீட்டில் பழக முடியும் என்பதை அவள் அவரிடம்தான் கண்டாள். அவளும் அண்ணை என்று வாயெடுத்து, எத்தனையோ தரம் விழுங்கியிருக்கிறாள்.

திங்கட்கிழமை அவள் வெள்ளை நூலைக் கண்டாள்.

இரண்டு. பால்பல் முளைக்கிற வெண்மை.

"வந்திட்டுதோ?" அன்று பின்னேரம் கேட்டார்.

"இல்லை."

செவ்வாயும் இல்லை. புதனும் இல்லை. இன்று காலை பஸ் சாவியை விரலில் சுழற்றிக்கொண்டே கேட்டார். அதே இல்லை. "அப்படியோ" என்று சிரித்துவிட்டுப் போனார்.

அதிலிருந்து அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. சோற்றை அடுப்பில் வைத்து அடிப்பிடிக்க விட்டாள். கழுவிய கோப்பைகளை மறுபடி கழுவினாள். கூடத்தில் மாலை போட்ட கணவரின் படத்தின் முன்னால் போய் நின்றாள்.

"இஞ்சருங்கோ" என்று மெல்லக் கூப்பிட்டாள்.

அவள் அப்படிக் கூப்பிட்டது அந்த ஒருவரைத்தான். அவர் போய் ஏழு வருடம்.

படிகளில் இறங்கி வந்துவிட்டாள்.

பொய் எத்தனை நாளைக்கு நிற்கும்? நூல் நாளைக்குக் கொத்தாகும். பிடிபடாத கண்ணுக்கும் பிடிபட்டுவிடும். இந்தக் கதவைக் கொஞ்ச நேரம் திறந்துவைத்து, அறை விளக்கையும் போட்டுவிட்டால், இரவு எது, பகல் எது என்று அதற்குத் தெரியாமல் போகும். பூக்க மறக்கும்.

பாவம், வாயில்லாத சீவன்.

திறந்தாள்.

வெளிச்சம் முகத்தில் அடித்தது.

உள்ளே விளக்கு எரிந்துகொண்டிருந்தது. செடி இலைகளை அகல விரித்து, நடுப்பகல் வெயிலில் நிற்பதுபோல் நின்றது.

விளக்கை ஏற்றி அணைக்கும் டைமர் பழுது. முதலில் அப்படித்தான் நினைத்தாள்.

குனிந்து பார்த்தாள். டைமரின் வட்டத்தைச் சுற்றி அரிசிமணி அளவில் பற்கள். அமுக்கிய பல்லின் நேரத்துக்கு விளக்கு எரியும். இரவுப் பற்களோடு பகல் பற்களும், ஒன்று விடாமல், அமுக்கப்பட்டிருந்தன. நகத்தால், ஒவ்வொன்றாக.

கண்ணுக்கு ஒன்றும் பிடிபடாதவர் செய்த வேலையல்ல.

எவ்வளவு நேரம் அங்கே குந்தியிருந்தாளோ. பக்கக் கதவில் சாவி திரும்பும் சத்தம் கேட்டது. அலுமாரியைச் சாத்திவிட்டு எழுந்தாள்.

ஒரு காலில் மட்டும் சப்பாத்தோடு அவர் அறை வாசலில் நின்றார். கழற்றிய மற்றது கையில். அலுமாரியைப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.

"இண்டைக்காவது வந்திட்டுதோ?"

"இன்னும் இல்லை."

"ம்... அதுக்கென்ன அவசரம்."

அவரைக் கடந்து படியேறினாள். பாதியில் நின்றாள். திரும்பவில்லை.

"இஞ்சருங்கோ" என்றாள். "புட்டு அவிக்கப்போறன். கையைக் கழுவிட்டு மேல வாங்கோ."

கீழே, சப்பாத்து கையிலிருந்து விழும் சத்தம் கேட்டது.