மதகடியில் நின்ற மோட்டார் சைக்கிள்

வவுனியாக் கோட்டுக்கு வழக்குக்கென்று விடியவே வெளிக்கிட்ட பரமலிங்கம், கொஞ்ச நேரத்தில் மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு படலைக்குள் வந்தார். பின்னால் சாட்சிக்காரன் ஏரம்பு. அவனும் தள்ளினான் என்று சொல்லலாம். ஆனால் வேர்வை முழுக்கப் பரமலிங்கத்தின் சட்டையில்தான் இருந்தது.

"என்ன, திரும்பி வந்திட்டியள்?" குசினி வாசலில் நின்று மனைவி நாகேஸ்வரி கேட்டாள்.

"மதகடியிலை நிண்டுட்டுது. காபரேற்றருக்குள்ளை ஊத்தை போலை."

"ஞாயிற்றுக்கிழமைதானே அண்ணை கழட்டிக் கழுவினனீங்கள்?" என்றான் ஏரம்பு.

பரமலிங்கம் சாக்கை விரித்து உட்கார்ந்து காபரேற்றரைக் கழற்றினார். களைத்த கையில் ஸ்பனர் இரண்டு தரம் வழுக்கியது. ஒவ்வொரு துண்டாக எடுத்து மண்ணெண்ணெயில் கழுவினார்.

ஏரம்புவுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"கெதியாப் பாருங்கோ அண்ணை. பஸ்ஸும் போயிட்டுது. இண்டைக்கு நீங்கள் கோட்டிலை நிக்காட்டி வழக்குத் தள்ளுபடி. கூடப்பிறந்த அண்ணன்ரை மண்டையை மண்வெட்டிப் பிடியாலை உடைச்சவன், மறியலுக்குப் போய்க் கம்பி எண்ணாமல் மீசையை முறுக்கிக்கொண்டு திரியப்போறான்!"

பரமலிங்கத்தின் கை நெற்றித் தழும்புக்குப் போய் வந்தது. வரம்புச் சண்டையில் தம்பி தில்லைநாதன் போட்ட அடி. அதற்குப் பிறகு இரண்டு வீட்டாரும் கதைப்பதில்லை.

"இன்னும் எவ்வளவு நேரம் அண்ணை?"

"ஊதவேணும், துடைக்கவேணும், பிறகு பூட்டவேணும்."

நாகேஸ்வரி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள்.

"மனிசன்ரை மானம் போகுது, நீங்கள் தேத்தண்ணி ஆத்துறியளே அக்கா!" என்று ஏரம்பு அவளிலும் பாய்ந்தான். தேத்தண்ணியை மட்டும் அவன் மிச்சம் வைக்கவில்லை.

வெயில் ஏறியது. இனிப் போனாலும் நேரத்துக்குப் போய்ச் சேர முடியாது. "உந்தப் பழைய இரும்பை வித்துப்போட்டு ஒரு சோடி மாடு வாங்குங்கோ" என்று சொல்லி, படலையை அடித்துச் சாத்திவிட்டுப் போனான் ஏரம்பு.

நாகேஸ்வரி சாக்கருகே வந்து குந்தினாள். 

"இஞ்சருங்கோ, அதுக்குள்ளை ஊத்தை ஒண்டும் இல்லை. விடிய நான்தான் பெற்றோல் குழாய்த் திருகை மூடிவிட்டனான். உள்ளுக்குக் கிடந்த கொஞ்சத்திலை மதகடி மட்டும் ஓடியிருக்கும். தம்பி மறியலுக்குப் போனால் அந்தக் குஞ்சுகுருமன் பிள்ளையளை ஆர் பாக்கிறது? ஏசிறதெண்டால் ஏசுங்கோ."

பரமலிங்கம் நிமிரவில்லை.

"தெரியும். மதகடியிலை குனிஞ்சு பாக்கேக்கையே கண்டனான்."

"கண்டனீங்களோ? திறந்துவிட்டால் ஓடியிருக்குமே! பிறகேன் இவ்வளவு தூரம் தள்ளிக்கொண்டு வந்தனீங்கள்?"

அவர் கையைத் துடைத்துக்கொண்டு மெல்லச் சொன்னார்:

"திறந்தால், போகவேண்டி வந்திருக்குமே."