பூ வைத்த முகம்

வெள்ளிக்கிழமைதோறும் பிலோமினா டீச்சர் இரண்டாம் வகுப்புப் பெற்றோர்களின் வாட்ஸ்அப் குழுவில் அந்த வாரப் பாடங்களையும் ஒரு வகுப்புப் படத்தையும் போடுவார். நிறைமதியைப் பள்ளியில் சேர்த்த அன்றே அவள் அம்மா செண்பகம் சேலைத் தலைப்பை விலக்கி, உடைந்து கோணலாகக் கூடியிருந்த தோளெலும்பைக் காட்டினாள்.

"பத்து மாசப் பிள்ளையத் தூக்கிட்டு எம்புருஷன்கிட்டேருந்து தப்பிச்சு வந்தேன் டீச்சர். இவ மொகம் மட்டும் எதுலயும் வந்துரக் கூடாது."

டீச்சர் வாக்குத் தவறவில்லை. இருபத்தாறு முகங்களில் நிறைமதியின் முகத்தின்மேல் மட்டும் வாராவாரம் ஒரு சூரியகாந்திப் பூவை ஒட்டினார். "எனக்கும் பூ வைங்க டீச்சர்" என்று மற்ற பிள்ளைகள் சிணுங்கினார்கள்.

ஒரே ஒரு முகம் மட்டும் மறைக்கப்பட்ட அப்படியொரு படம் கைமாறிக் கைமாறி, ஒரு மாதமாக அந்த ஊரில் மனைவியையும் மகளையும் தேடிக்கொண்டிருந்தவனிடம் போய்ச் சேர்ந்தது.

திங்கட்கிழமை வாட்ச்மேனின் அலறல் கேட்டு டீச்சர் கதவைச் சாத்தப் போனார். அதற்குள் சுத்தியல் அவர் மணிக்கட்டில் இறங்கியது. எலும்பு முறிந்த சத்தம் கடைசி பெஞ்சு வரை கேட்டது. உள்ளே வந்தவன் வரிசை வரிசையாகப் பார்த்தான். மகளின் முகம் அவனுக்குத் தெரியவில்லை. அந்தப் படம் இருந்த போனை வகுப்பின் பக்கம் திருப்பினான்.

"இந்தப் பூ வச்ச பாப்பா யாரு கண்ணுங்களா?"

அழுதுகொண்டே ஒரு குழந்தை விரலை நீட்டியது. பிறகு எல்லா விரல்களும் அதே பக்கம் நீண்டன. தன்னைக் கேட்டால் எழுந்து நிற்க வேண்டும் என்று பழக்கப்பட்டிருந்த நிறைமதி, எழுந்து கையைக் கட்டிக்கொண்டு சொன்னாள்.

"உள்ளேன் டீச்சர்."