மந்திரியின் காது

"இந்த வாசல்ல அது இருக்கக் கூடாதுன்னா இருக்கக் கூடாது, அவ்வளவுதான்..."

"மெதுவாப் பேசுங்க. தெருவே..."

"கேக்கட்டும்! தொழுகிற வீடா, நாய்ப் பண்ணையா இது?"

"வீட்டுக்குள்ளயா விட்டேன்? படலுக்கு வெளிய, பூவரச மரத்தடியில கிடக்குது. உங்க தலையிலயா ஏறி உக்காந்திருக்கு?"

"ஏறித்தான் உக்காந்திருக்கு. பெரிய மிராசு கேக்கறார், 'என்ன மரைக்காயரே, செங்கொடிக்காரன் நாய்க்கு உங்க வீட்டுச் சோறாமே'ன்னு. எங்க கொண்டுபோய் மூஞ்சிய வெச்சுக்கறது?"

ஹபீபுன்னிசா முறத்தை எடுத்தாள். புடைக்க அதில் ஒன்றும் இல்லை. திரும்ப வைத்தாள்.

நாய், வயலில் கூலிவேலை செய்யும் மருதையனுடையது. பூனையைவிடக் கொஞ்சம் பெரியது, அவ்வளவுதான். பழுப்பு நிறம். யாரைக் கண்டாலும் கழுத்தை நிமிர்த்திக்கொண்டு நிற்கும் என்று அதற்கு மந்திரி என்று பேர் வைத்திருந்தான்.

குறுவை அறுப்பில் ஆட்கள் கூலி அரைப்படி நெல் கூட்டிக் கேட்டார்கள். அவள் புருஷன் ஜெய்னுலாபுதீனும் மற்ற மிராசுகளும் சேர்ந்து வெளியூர் ஆட்களை இறக்கினார்கள். உள்ளூர் ஆட்கள் வரப்பில் வந்து மறித்து நின்றார்கள். போலீஸ் வேன் வந்தது.

மருதையனை ஏற்றினார்கள். விடமாட்டேன் என்று அவன் கையைப் பிடித்துக்கொண்ட பெண்டாட்டி அம்சத்தையும் ஏற்றினார்கள். தினமும் இந்த வீட்டில் வாசல் பெருக்கிக்கொண்டிருந்தவள் அவள்.

களத்து ஓரம் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த ஹபீபுன்னிசாவிடம், வேனின் கம்பி வலைக்குள்ளிருந்து அம்சம் கத்தினாள். "அம்மா, மந்திரியப் பாத்துக்குங்கம்மா!"

"நான் பாத்துக்கறேன், நீ போ."

ஏன் சொன்னோம் என்று ஹபீபுன்னிசா யோசிக்கவில்லை. வாயில் வந்துவிட்டது. இப்போது சொன்னது சொன்னதுதான்.

பிறந்ததிலிருந்து அவள் நாயைத் தொட்டதில்லை. கொட்டாங்கச்சியில் சோற்றைப் போட்டுக் குச்சியால் தள்ளிவிடுவாள். வெறும் சோற்றை மந்திரி மோந்துகூடப் பார்க்காது. கருவாட்டுக் குழம்பு ஊற்றிப் பிசைந்தால்தான் வாய் வைக்கும்.

"மந்திரின்னா சும்மாவா" என்று முனகிக்கொண்டே பிசைவாள்.

வந்த நாளிலிருந்தே அதன் இடது காதில் புண். ஈ மொய்த்தது. மருந்து போட ஆள் இல்லை. அம்சத்தின் தெருவிலிருந்து இப்போது யாரும் மிராசு வீட்டு வாசலை மிதிப்பதில்லை.

"ஒரு நடை மாட்டு டாக்டரையாவது வரச்சொல்லுங்க. காது அழுகிக் கீழ விழுந்துடும் போல இருக்கு."

"டாக்டரு வேறயா!" ஜெய்னுலாபுதீன் துண்டை உதறித் தோளில் போட்டார். "நெல் லாரி இன்னைக்குத் திருச்சிக்குப் போகுது. அதுல ஏத்திவிடறேன். பூதலூர் தாண்டி எங்கயாவது இறக்கிவிட்டுடுவான்."

"நான் வார்த்தை குடுத்திருக்கேங்க."

"நீ குடுத்தே. நானா குடுத்தேன்?"

"நாளைக்கு அம்சம் வந்து மந்திரி எங்கம்மான்னு நின்னா, என் மூஞ்சிய எங்க வெச்சுக்கறது?"

களத்துப் பக்கமிருந்து லாரி ஹாரன் அடித்தது. அவர் செருப்பை மாட்டினார். மூலையில் கிடந்த சாக்கை எடுத்துக்கொண்டு வெளியே போனார். எதற்கு அவ்வளவு அவசரம் என்று தெரியவில்லை. படலைக்கூடச் சாத்தவில்லை.

அவள் அடுப்பைப் பற்றவைத்தாள். உலையில் தண்ணீர் ஊற்ற மறந்தது தெரிந்து அணைத்தாள். ஜன்னல் பக்கம் போகப் பயந்து கூடத்திலேயே குறுக்கும் நெடுக்கும் நடந்தாள். குரைப்புச் சத்தம் வரும் என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள். வரவில்லை. லாரி உறுமிக்கொண்டு வாய்க்கால் பாலத்தில் ஏறியது. அந்தச் சத்தமும் தேய்ந்தது.

இனி ஜன்னலுக்குப் பயப்பட ஒன்றுமில்லை என்று வாசலுக்கு வந்தாள்.

பூவரச மரத்தடியில் சாக்கு விரித்திருந்தது. அதன்மேல் மந்திரி படுத்திருந்தது. இடது காது முழுக்க மஞ்சளும் வேப்பெண்ணெயும் கெட்டியாக அப்பியிருந்தது. அவளைப் பார்த்துக் கழுத்தை நிமிர்த்தியது.

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. "என்னங்க" என்று கூப்பிட்டாள். கொல்லையில் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது.

ஜெய்னுலாபுதீன் கிணற்றடியில் குந்தியிருந்தார். வாழைக்கு அடியில் ஒரு பிடி மண் எடுத்து முழங்கை வரைக்கும் தேய்த்தார். தண்ணீர் ஊற்றினார். மறுபடி ஊற்றினார். நாயின் எச்சில் பட்டால் இந்த வீடுகளில் அப்படித்தான் கழுவுவார்கள், ஒரு தடவை மண் போட்டு, மிச்ச ஆறு தடவை வெறும் தண்ணீரில்.

"லாரியில இடமில்லைன்னுட்டான்" என்றார், திரும்பாமல்.

ஹபீபுன்னிசா வாழைக்கடியைப் பார்த்தாள். அங்கே ஒரு பள்ளம் இருந்தது. இன்றைக்கு எடுத்த ஒரு பிடி மண்ணால் விழுகிற பள்ளம் இல்லை; பல நாள் பிடி பிடியாக எடுத்தது. ஒரு மரக்கால் நெல் கொட்டலாம் அதில்.

அவள் வாளியை வாங்கிக்கொண்டாள். அவர் கைகளை நீட்டினார். அவள் ஊற்ற ஊற்ற அவர் தேய்த்துக்கொண்டே இருந்தார். மண் எப்போதோ போயிருந்தது.

தண்ணீர் தீர்ந்தது. அவர் எழுந்திருக்கவில்லை. கைகளையும் மடக்கவில்லை.

அவள் மெதுவாகத்தான் கேட்டாள், தெருவுக்குக் கேட்காதபடி.

"அன்னைக்கு வரப்புல அவன் பாட்டுக்கு இந்த நாயத் தூக்கி வெச்சுக்கிட்டு எல்லாருக்கும் பின்னாடி நின்னான். யாருடா இதுக்குத் தலைவன்னு இன்ஸ்பெக்டர் கேட்டப்போ, மருதையனை ஏங்க கைகாட்டினீங்க?"