கிரிவலம் போன துளை

கைபேசியை வைத்துவிட்டு இனியா தலையில் கைவைத்து உட்கார்ந்தாள். சுரங்கத்தில் பாறைக்குள் போடும் துளை எந்தப் பக்கம் சாய்கிறது என்று அளந்து சொல்வதுதான் அவள் வேலை. அளக்கும் கருவியோடு வேங்கிக்கால் வீட்டுக்கு லீவில் வந்தும் மேனேஜர் விடவில்லை.

“என்னாடி ஆச்சு?” என்றாள் அம்மா பாஞ்சாலை.

“நான் அளந்த துளை நேரா போகாம வட்டமா சுத்தியிருக்குதாம்மா. எந்தத் துளையும் அப்படிப் போகாதுன்னு மேனேஜர் கத்துறாரு.”

“நம்ம ஊர்ப் பொண்ணு அளந்ததாச்சே, கிரிவலம் போயிருக்கும்” என்றார் அப்பா அர்ஜுனன், பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல்.

“சிரிக்காதீங்கப்பா, வேலையே போயிடும். உள்ள இருக்கற திசைகாட்டி குழம்பக் கூடாதுன்னுதான் இந்த மெஷினையே பித்தளையில செஞ்சிருக்காங்க. நான் சாவிக்கொத்தைக்கூடக் கழட்டி வெச்சுட்டுத்தான் அளந்தேன். கிட்டக்க ஒரு குண்டூசி இரும்புகூட இல்ல!”

பாஞ்சாலை கையிலிருந்த முறத்தை மெதுவாகக் கீழே வைத்தாள்.

“ஏண்டி, காந்தம் இருந்தா பரவாயில்லையா?”

“என்னாது?”

“போன பௌர்ணமிக்கு நீ இதைத் தூக்கிக்கிட்டு வந்தப்ப, காருல ஒட்டுற குட்டிப் பிள்ளையார் ஒண்ணு தேரடியில வாங்கினேன். உன் மெஷின்ல ஒட்டவே மாட்டேன்னுட்டாரு. அதான் பின்மூடியைக் கழட்டி உள்ள வெச்சுட்டேன்.”

இனியா அவசரமாக மூடியைத் திருகினாள். உள்ளே பிள்ளையார் சௌகரியமாக உட்கார்ந்திருந்தார்.

“அய்யோ, எதுக்கும்மா?”

“பூமிக்கு அடியில இருட்டுல போற பொண்ணு. திசை தெரியாம சுத்திக்கிட்டு நிக்கக் கூடாதேன்னுதான்.”