முக்காடு போட்ட ராணி

ஏமன் நாட்டு சனா நகரத்தின் வெள்ளிக் கடைத்தெருவில் பழைய ஆஸ்திரிய ராணிக் காசைத் தரம் பார்ப்பதில் முத்தஹரை மிஞ்ச ஆளில்லை. வேறு யாரும் இப்படிச் சொன்னதில்லை, அவரே சொல்லிக்கொள்வார். பக்கத்துக் கடைக்காரனான நான் தினமும் கேட்டாக வேண்டும்.

வியன்னாவிலிருந்து வந்த காசு சேகரிப்பாளர் முத்தஹர் கொடுத்த வெள்ளிக் கரண்டியால் டீயைக் கலக்கியபடி குவியலைக் கிளறினார்.

"தோள்ல இருக்கிற ஒம்போது முத்தும் தேயல, எண்ணிப் பாருங்க. தலையில முக்காடு. வருஷம் 1780. சுத்தமான காசு," என்றார் முத்தஹர்.

"எல்லாமே 1780தானா?"

"வேற வருஷம் இருந்தா கள்ளக்காசு ஐயா. போன வாரம் ஒருத்தி 1758னு ஒண்ணு கொண்டாந்தா. முக்காடும் இல்ல, ஒரு கீறலும் இல்ல. நேத்து அடிச்சது மாதிரி பளபளன்னு. என்கிட்டயேவா? வெள்ளி விலைக்குத்தான் எடுத்தேன்."

வந்தவரின் கரண்டி நின்றது.

"ராணி 1780லயே போய்ச் சேந்துட்டாங்க. அதுக்கப்புறம் இருநூறு வருஷமா அதே வருஷத்தைப் போட்டு அடிச்சுக்கிட்டிருக்காங்க. இந்தக் குவியல்ல பாதி எங்கப்பா காலத்துது. ராணி உயிரோட இருந்தப்ப அடிச்ச காசைத் தேடித்தான் இவ்வளவு தூரம் வந்தேன். அந்த 1758 எங்க?"

முத்தஹர் காசுக் குவியலைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"உங்க கையிலதான் இருக்கு," என்றேன் நான். "உருக்கிக் கரண்டி பண்ணிட்டாரு."