மூணு நாள் லீவு

"அண்ணே, டீ ஆறிப்போச்சு. சூடா வேற வாங்கிட்டு வாங்க" என்று சுழல் நாற்காலியில் சாய்ந்தபடி சொன்னார் ஸ்டைல். முடி கூட்டிக்கொண்டிருந்த சொட்டை, விளக்குமாற்றைப் போட்டுவிட்டு ஓடினார். வாசலில் தொழிலாளர் துறை அதிகாரி அம்மாள்மேல் மோதாமல் தப்பித்ததே பெரிய விஷயம்.

ஸ்டைல், சொட்டை இரண்டும் அந்த சலூனுக்கு வருகிறவர்கள் வைத்த பெயர்கள். ஸ்டைல் கத்தரி பிடித்தால் தெருவே வரிசையில் நிற்கும். தன் தலையில் ஒற்றை முடி இல்லாத ஆளிடம் தலையைக் கொடுக்க யாருக்குத்தான் மனசு வரும்?

கடை கடையாக ஏறி, யார் சம்பளத்துக்கு வேலை செய்கிறவர், யார் சொந்தத் தொழில்காரர் என்று பிரித்து எழுதுவது அந்த அம்மாளின் வேலை. சொட்டையைப் பிடித்து பெஞ்சில் உட்காரவைத்துப் படிவத்தை விரித்தார். ஸ்டைல் காதில் பாட்டை மாட்டிக்கொண்டு கண்ணை மூடிவிட்டார்.

"மேடம், நான் வந்து..."

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. எத்தனை மணிக்கு வரணும்னு யார் முடிவு பண்றது?"

"அவருதான். அவரு ஒன்பது மணிக்கு வருவாரு. அதுக்குள்ள நான் துடைச்சு வெச்சிடணும்."

"உங்களுக்குப் பதிலா வேற ஆளை அனுப்பலாமா?"

"ஒருநாள் மச்சானை அனுப்பினேன். கூட்டத் தெரியலைன்னு திருப்பி அனுப்பிட்டாரு."

"சாமானெல்லாம் யார் வாங்குறது?"

"நான்தான் மேடம். அவரு உட்கார்ந்திருக்காரே, அந்த நாற்காலிகூட நான் வாங்கிப் போட்டதுதான்."

"அடப்பாவமே! இப்படியுமா ஒரு அநியாயம்?" அதிகாரி பேனாவை அழுத்திய அழுத்தில் படிவம் கிழிந்தது. "சரி, லீவு?"

அவ்வளவுதான், சொட்டைக்குக் கண் கலங்கிவிட்டது. "மகளுக்குக் குழந்தை பொறந்து ரெண்டு மாசம் ஆச்சு மேடம். பேத்தி முகத்தை இன்னும் போன்லதான் பார்க்கிறேன். மூணு நாள் கேட்டேன். போனா நடக்கிறதே வேறன்னுட்டாரு." பாவம், தோளில் கிடந்த துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு விம்மினார்.

அதிகாரி கிழிந்த படிவத்தைத் தள்ளிவைத்தார். "சந்தேகமே இல்ல. நீங்க சம்பளத்துக்கு வேலை செய்யுற தொழிலாளிதான். லீவு உங்க உரிமை!" என்று கடகடவென்று ஒரு தாளில் எழுதி, சீல் குத்தி நீட்டினார். "தைரியமா இதை முதலாளிகிட்ட குடுங்க. யார் தடுக்கிறாங்கன்னு பார்க்கிறேன்."

சொட்டை தாளை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு நாலாக மடித்துத் தன் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டார்.

"என்னங்க இது? முதலாளிகிட்ட குடுக்கச் சொன்னா பையில வெச்சுக்கிறீங்க?"

சொட்டை ஒருமுறை சுழல் நாற்காலியைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"முதலாளி நான்தான் மேடம்... ஆனா லீவு அவருல்ல குடுக்கணும்!"